கமிட்டியார் வாங்கிய மூளை

ராவ்பகதூர் சடகோபாச்சாரியார் மட்டும் அந்த வருஷம் மதராஸுக்குப் போகாமல் இருந்திருந்தால், உறையூர்க் குழந்தைகளுக்கு மூளை இருக்கிற விஷயம் வெளியில் தெரியாமலே போயிருக்கும். குழந்தைகளும் அவர்கள் பாட்டுக்கு வளர்ந்திருப்பார்கள்.

போனார். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941இல், மூளை ஆராய்ச்சியும் மாண்டிசோரி முறையும் பற்றி அங்கே நடந்த மூன்று மணி நேரச் சொற்பொழிவை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரு மணி நேரம் கண் அயர்ந்துவிட்டாராம். மீதி இரண்டு மணி நேரத்திலேயே திருச்சி ஜில்லாவுக்கு வேண்டிய அளவு விஷயம் கிடைத்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆச்சாரியார் ரிட்டையரான டெபுடி கலெக்டர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. உறையூரில் ஒரு சங்கம் நடத்திவந்த குழந்தைகள் வகுப்புக்கு அவர்தான் பிரசிடெண்ட். அந்த வகுப்பின் டீச்சர் லூர்துராணி, மதராஸில் மூன்று மாத டிரெயினிங் முடித்து வந்தவள். முப்பத்திரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு பாய். ஒன்று உருளைக் கட்டைகளைக் குழியில் பொருத்தும். ஒன்று கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தடவி, பட்டா பருத்தியா என்று சொல்லும். இன்னொன்று உப்புக்காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டும். ஒரு குழந்தை ஒரே காரியத்தை இருபது தடவை செய்தாலும் லூர்துராணி குறுக்கே போகமாட்டாள். இரண்டு வருஷமாகக் கமிட்டியார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ விளையாட்டு நடக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் வகுப்பு நன்றாக நடந்தது.

மதராஸிலிருந்து திரும்பிய மறுநாளே ஆச்சாரியார் கமிட்டியோடு வந்து இறங்கினார். குழந்தைகளை வரிசையாக உட்காரவைக்கச் சொன்னார்.

"குழந்தேளா! கைதான் மூளைக்கு வாசல். இது இப்போ மேல்நாட்டு ஆராய்ச்சியிலே நிரூபணம் ஆயிடுத்து. கை எதைத் தொடறதோ அது மூளையிலே போய் உட்கார்ந்துக்கறது. ஆகையாலே கை ஓயவே படாது. எப்போதும் வேலை செஞ்சுண்டே இருக்கணும். புரிஞ்சுதா? எல்லாரும் கையைக் கட்டிண்டு, வாயைப் பொத்திண்டு கேளுங்கோ!"

முப்பத்திரண்டு ஜோடிக் கைகள் கட்டிக்கொண்டன. கை ஓயக்கூடாது என்பதைப் பற்றி ஆச்சாரியார் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

லூர்துராணிக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனால் சந்தோஷமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தான் நாள்தோறும் கண்ணால் காண்பதை யாரோ விஞ்ஞானிகளும் கண்டுவிட்டார்களே! கூச்சத்தோடு எழுந்தாள். "சார், அப்படின்னா இன்னும் ரெண்டு செட் கட்டை செஞ்சு குடுத்தா, பிள்ளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல..."

"கட்டையா?" என்று ஆச்சாரியார் திடுக்கிட்டார். "அம்மா, இந்தக் கட்டைகள் நேரா மூளைக்குள்ளே போற சமாசாரம்னு இப்போதானே தெரிஞ்சுது! இனிமே இதைக் கண்டவா கையிலே குடுக்கலாமோ?"

அன்று மாலையே ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. கட்டைகள், துணிகள், உப்புக்காகித எழுத்துகள் அத்தனையும் உள்ளே போயின. பூட்டின சாவி, காரியதரிசி பிலோமின்ராஜின் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. குழந்தைகள் பார்க்கலாம். பார்ப்பதற்குத் தடையில்லை.

பிலோமின்ராஜ் முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்தக் காரியமானாலும் அதற்கு ஒரு டைம்டேபிள் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'குழந்தையின் கவனத்தைக் கலைத்தால் மூளை வளர்ச்சி தடைப்படும்' என்று பிரசிடெண்ட் மதராஸில் குறித்துவந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து அதற்கு வழி கண்டார்.

திங்கட்கிழமை பச்சைக்கொடி, விசில், கைமணி சகிதமாக வந்து நின்றார். "டீச்சரம்மா, காலம்பற பத்து பதினேழுக்குக் கவனம் ஆரம்பம். பத்து முப்பத்தொம்பதுக்கு முடிவு. நடுவுல யாரும் கலைக்கக் கூடாதுங்க. கலைக்கக் கூடாதுன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நானே மணி அடிச்சுச் சொல்லிடறேன். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

சொன்னபடி செய்தார். குழந்தைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கவனமாக இருக்கும், மணி அடிக்கும், "கவனம் கலையக் கூடாது!" என்று பிலோமின்ராஜ் கூவுவார், குழந்தைகள் தூக்கிவாரிப்போட்டு அவரைப் பார்க்கும். "பார்த்தீங்களா, எல்லாம் எவ்வளவு கவனமா பார்க்குது!" என்று ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார்.

குழந்தை தன் விருப்பப்படி வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் ஆச்சாரியார் குறிப்பில் இருந்தது. அதற்கு 'விருப்ப மனு' அச்சடித்தார்கள். எனக்கு இன்ன காரியத்தில் இன்ன காரணத்தால் விருப்பம் உண்டாகியிருக்கிறது என்று பூர்த்தி செய்து, மூன்று நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத குழந்தை கைநாட்டு வைக்கலாம். முதல் வாரத்தில் வந்த மனு ஒன்றே ஒன்று. ஒன்றுக்குப் போகவேண்டும் என்று ஒரு குழந்தை கைநாட்டு வைத்திருந்தது. மனு நான்காம் நாள் அனுமதிக்கப்பட்டது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் கமிட்டி மூளை வாங்கியது.

மூளை இல்லாமல் மூளை வளர்க்கும் சங்கம் நடத்துவது அழகல்ல என்று மெம்பர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். கசாப்புக் கடையில் ஆட்டு மூளை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதும் ஆச்சாரியார் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் கொலு பொம்மை செய்யும் பிச்சமுத்துவிடம், புஸ்தகத்துப் படத்தைக் காட்டி, ஏழு துண்டாகக் கழற்றி மாட்டும்படி களிமண்ணில் மூளை செய்யச் சொன்னார்கள். வலது பாதி சிவப்பு, இடது பாதி நீலம். துண்டுகளைச் சேர்க்க மரத்தில் திருகு.

பிச்சமுத்து ஒரு மாதத்தில் கொண்டுவந்து வைத்தார். பூசணிக்காய் அளவு இருந்தது. மடிப்பு மடிப்பாக, பளபளவென்று, நிஜமாகவே அழகான மூளை. ஆனால் முன்பக்கத்தில் பெரிய இரண்டு கண்கள் எழுதியிருந்தன. கீழே ஒரு புன்சிரிப்பும் இருந்தது.

"என்னடா இது? மூளைக்குக் கண்ணு ஏது?"

"கண்ணு தொறக்காம பொம்மைய வீட்ட விட்டு அனுப்புனா எங்க குடும்பத்துக்கு ஆகாதுங்க சாமி" என்றார் பிச்சமுத்து. இடது கையைத் தோள் துண்டுக்குள் மறைத்து, வலது கையால் வாயைப் பொத்தி, பணிவாக நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். மரியாதை தெரிந்தவன் என்று ஆச்சாரியாருக்கு அவரிடம் பிரியம்.

கண் இருந்துவிட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? முதல் நாள் யாரோ குங்குமம் வைத்தார்கள். மறுநாள் பூ வந்தது. சரஸ்வதி பூஜைக்கு மூளையைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, ஆச்சாரியாரே கற்பூரம் காட்டினார். குழந்தைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டன. மாதா கோவிலுக்குப் போகிற லூர்துராணி, இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் பொதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வினை அன்றைக்குச் சுண்டல் விநியோகத்தில் வந்தது. வரிசையில் ஐந்து வயது வீராயி நின்றாள். அவள் அம்மா பாப்பாயி, தொட்டியத்திலிருந்து வரும் வாழைத்தாரை மார்க்கெட்டில் வைத்து விற்கிறவள். ஆச்சாரியார் சுண்டலை நீட்டினார். வீராயி இடது கையை நீட்டினாள்.

பீடத்திலிருந்த மூளையைத் தவிர அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு மறைந்தது.

"பிரசாதத்தை எந்தக் கையாலே வாங்கறாய்?" என்று அதட்டினார் ஆச்சாரியார். வீராயி கையைப் பார்த்தாள். "என் கையாலதான்" என்றாள்.

விசாரணை நடந்தது. இந்தப் பெண் சாப்பிடுவது, கட்டை அடுக்குவது, எழுத்து தடவுவது எல்லாம் இடது கையால்தான் என்று தெரிய வந்தது. ஆச்சாரியார் களிமண் மூளையைத் தட்டிக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். "வலது கையை நடத்தறது நீலப் பாதி. இடது கையை நடத்தறது சிவப்புப் பாதி. இது ஆராய்ச்சி. நம்ம எல்லாருக்கும் நீலம் எஜமானன், சிவப்பு வேலைக்காரன். இந்தக் குழந்தைக்கு மூளை திருப்பி வெச்சிருக்கு. அதைத் திருப்பி நேராக்கணும். முப்பது நாள் டயம் தரேன். ஆகலேன்னா பேரை அடிச்சுடுங்கோ. மத்தக் குழந்தேளுக்கும் தொத்திண்டுடும்."

"சார், அவதாங்க வகுப்புலேயே கெட்டிக்காரி. போன மாசம் அவளா 'அம்மா'ன்னு..." என்று லூர்துராணி ஆரம்பித்தாள்.

"இடது கையாலே எழுதின அம்மா, அம்மாவே இல்லை."

வீராயியின் இடது கைக்குச் சிவப்புத் துணியில் ஒரு பை தைத்தார்கள். காலையில் மாட்டி மணிக்கட்டில் கட்டவேண்டியது, மாலையில் அவிழ்க்கவேண்டியது. கட்டும் பொறுப்பு லூர்துராணிக்கு.

அந்த முப்பது நாளும் லூர்துராணிக்குச் சோறு செல்லவில்லை. வகுப்பில் வாய் ஓயாமல் பேசும் வீராயி, பையைக் கட்டிய நாலாம் நாளிலிருந்து திக்க ஆரம்பித்தாள். பத்தாம் நாளிலிருந்து பேசுவதை விட்டுவிட்டாள். மடியில் பைக்கையை வைத்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தினமும் தன் கையாலேயே முடிச்சுப் போடுகிற பாவம் லூர்துராணியின் நெஞ்சை அறுத்தது.

ஒருநாள் பாப்பாயி கூடையோடு வாசலில் வந்து நின்றாள். "ஏன் டீச்சர், எம் புள்ள என்ன திருடுச்சா? கைய கட்டி வச்சிருக்கீங்க? பீச்சாங்கைதான். இருந்துட்டுப் போவட்டுமே. தாருல சீப்பு அறுக்கறதுக்கு அந்தக் கைதானே எனக்கு ஒத்தாச பண்ணுது! நீங்க படிச்சவங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

லூர்துராணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

முப்பதாம் நாளன்று இன்ஸ்பெக்ட்ரஸ் ஹாஜிரா பேகம் வகுப்பைப் பார்வையிட வருவதாக முன்கூட்டியே கடிதம் வந்தது. கமிட்டி குதித்தது. கற்பூரப் புகையில் மூளை கறுத்துப்போயிருந்ததால் பிச்சமுத்துவிடம் வர்ணம் பூசக் கொடுத்தார்கள். காவேரிப் பாலத்தில் ஜட்கா குலுங்குமே என்று, அவர் ஏழு துண்டையும் கழற்றி வைக்கோல் போட்ட கூடையில் வைத்து, ஆச்சாரியாரோடு கூடவே வந்து சேர்ந்தார்.

ஹாஜிரா பேகம் ஒல்லியான அம்மாள். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கை கட்டியிருந்த குழந்தைகளைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். வீராயியின் பையையும் பார்த்தார்.

ஆச்சாரியார் கனைத்துக்கொண்டார். "இந்தக் கமிட்டிக்கு மூளை எப்படி அமைஞ்சிருக்குன்னு இப்போ அடியேனே உங்க முன்னாலே காட்டறேன்."

பிலோமின்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "மூளை சேர்க்கறதுக்கு நாலு நிமிஷம்" என்று அறிவித்து விசில் ஊதினார்.

ஆச்சாரியார் இரண்டு துண்டை எடுத்துத் திருகினார். மாட்டவில்லை. அழுத்தித் திருகினார். கழன்று விழுந்தது. வேறு இரண்டை எடுத்தார். அதுவும் அப்படியே. நாலு நிமிஷம் முடிந்ததற்கு விசில் அடித்தது. ஒரு மெம்பர் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து முயன்றார். இன்னொருவர் தரையில் சப்பணமிட்டு, துண்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, வேட்டி நழுவும்வரை திருகினார். பிலோமின்ராஜ் எண்ணெய் போடலாம் என்றார். போட்டதில் மூளை வழுக்கி மேஜைக்கு அடியில் உருண்டது. அதைப் பிடிக்கக் குனிந்த இரண்டு மெம்பர்களும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். கண் எழுதின துண்டு மட்டும் மேஜை நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சாமி, அது வந்துங்க..." என்று வாசலிலிருந்து பிச்சமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருடா! மூளையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

இருபது நிமிஷம் ஆயிற்று. முப்பத்திரண்டு குழந்தைகளும் கையைக் கட்டிக்கொண்டு, பெரியவர்கள் கைவேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன. லூர்துராணி வீராயியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் மேஜை மேல் இருந்தது. பைக்குள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. திருகு மாட்டாதபோதெல்லாம் பைக்குள் ஏதோ திரும்பிற்று.

லூர்துராணிக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! இத்தனை நாள் இல்லாத கோபம் ஒருமொத்தமாக வந்தது. போனாள், குனிந்தாள், முடிச்சை அவிழ்த்தாள். பையை உருவிக் கீழே எறிந்தாள். "போ கண்ணு" என்றாள்.

"டீச்சர்! டயம் இன்னும் முடியலை!" என்றார் பிலோமின்ராஜ்.

வீராயி மேஜைக்குப் போனாள். இரண்டு துண்டை எடுத்து எண்ணெயைத் தன் பாவாடையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். துணி தடவிப் பழகிய விரலால் திருகைத் தடவினாள். ஆச்சாரியார் திருகின பக்கம் ஒருதரம் திருகினாள்; ஓடவில்லை. இடது கையை மறுபக்கம் திருப்பினாள். சொடக்கென்று பிடித்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று துண்டுகள் ஏறின. கடைசியாகக் கண்ணும் சிரிப்பும் ஏறி உட்கார்ந்தன. ஒருதரம் பார்த்தாள். பிறகு, கமிட்டியார் நெஞ்சு பதற, ஏழையும் கழற்றிப் போட்டு முதலிலிருந்து மறுபடி மாட்ட ஆரம்பித்தாள்.

"யாரும் குறுக்கே போகாதீங்க" என்றார் ஹாஜிரா பேகம். அவர் வந்ததிலிருந்து பேசின முதல் பேச்சு அதுதான்.

ஆச்சாரியார் வாசலைப் பார்த்துச் சீறினார். "பிச்சமுத்து! திருகை ஏண்டா தலைகீழாப் பண்ணினாய்?"

பிச்சமுத்து துண்டுக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். வர்ணம் காய்ந்து கிடந்தது அந்தக் கையில்தான். "மன்னிச்சுக்குங்க சாமி. நான் பீச்சாங்கைக்காரன். பெரியவங்க முன்னால மறைச்சுக்குவேன். திருகு எங் கைவாட்டத்துக்கு வந்திடுச்சுங்க. சொல்லலாம்னுதான் வந்தேன்."

தான் கற்பூரம் காட்டியது எந்தக் கை செய்த மூளைக்கு என்று ஆச்சாரியாருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சிவப்புப் பாதிக்கு வேலை செய்யத் தெரியும்போல இருக்கே, ராவ்பகதூர் சார்" என்றார் ஹாஜிரா பேகம். பிலோமின்ராஜிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கி, லூர்துராணியிடம் கொடுத்தார். விசிட்டர் புஸ்தகத்தில் ஒரு வரி எழுதினார்: 'குழந்தைகளின் கைகளை அவிழ்த்துவிடவும், தேவையானால் கமிட்டியாரின் கைகளைக் கட்டவும்.'

வீராயி மூன்றாம் தடவையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "டீச்சர், இன்னொரு மூளை இருக்கா?" என்றாள், திக்காமல். லூர்துராணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி டெபுடி கலெக்டர் ஜாதி. மறு வாரக் கூட்டத்தில் ஆச்சாரியார், இடது கையின் மகிமையை இந்தியாவிலேயே முதன்முதலாக ஆராய்ந்து கண்டது இந்தக் கமிட்டிதான் என்று பிரகடனம் செய்தார். வீராயி பேரை அடிக்கும் யோசனை அடிக்கப்பட்டது. மெம்பர்கள் தத்தம் சிவப்புப் பாதியை விருத்தி செய்துகொள்ளும் பொருட்டு, இனிமேல் கமிட்டி சம்பந்தமான எழுத்து வேலை அனைத்தையும் இடது கையாலேயே செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அதில்தான் கமிட்டி மாட்டிக்கொண்டது. இடது கையால் போட்ட கையெழுத்து, சங்கத்து ரிஜிஸ்தரிலுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. கோழி கிளறின மாதிரி இருந்தது. ஒத்துப்போகாத கையெழுத்து செல்லாது என்று விதி இருந்தது. விதியைத் திருத்தலாம் என்றால் திருத்தத்துக்குக் கையெழுத்து வேண்டும். வலது கையால் போடலாம் என்றால் தீர்மானம் குறுக்கே நின்றது. இரண்டு மாதமாகக் கமிட்டியால் ஒரு தும்மலைக்கூட நிறைவேற்ற முடியவில்லை. வகுப்பு பழையபடி அற்புதமாக நடந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆச்சாரியார் தனியாக வந்தார். லூர்துராணியைக் கதவோரமாக அழைத்தார். "அம்மா, யார்கிட்டேயும் சொல்லப்படாது. இடது கையாலே கையெழுத்துப் போட வரலை. இந்தப் பிராயத்திலே... ஏதாவது வழி உண்டா?"

லூர்துராணி யோசித்தாள். ஒரு பாயை எடுத்துக் கையில் கொடுத்து, "வீராயி பக்கத்துல விரிச்சுக்குங்க சார்" என்றாள்.

வீராயி உப்புக்காகித 'அ'வை அவர் முன்னால் வைத்தாள். "ரெண்டு விரலால தாத்தா. அழுத்தாதீங்க. மெதுவா."

ஆச்சாரியார் தடவினார். தப்பினார். மறுபடி தடவினார். ஆறாவது தடவையில் அங்கவஸ்திரம் நழுவியது தெரியவில்லை. பதினைந்தாவது தடவையில் நாக்கின் நுனி வெளியே வந்துவிட்டது. அறுபத்து நாலு வயசில் அந்த முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மணி சரியாகப் பத்து பதினேழு. பிரசிடெண்ட் வந்திருக்கும் சேதி கேட்டு, பழைய வேகம் வந்து பிலோமின்ராஜ் உள்ளே நுழைந்து மணியை ஓங்கி அடித்தார். "கவனம் கலையக் கூடாது!"

"ஓய்!" என்று பாயிலிருந்து ஆச்சாரியார் கர்ஜித்தார். "மணியைத் தூக்கிண்டு வெளியே போம்! இங்கே ஒரு மனுஷன் வேலை பண்ணிண்டிருக்கான், கண்ணு தெரியலையா?"

வீராயி தலை நிமிராமல் சொன்னாள். "உஸ்ஸ்... தாத்தா, சத்தம் போடாதீங்க."

ஆச்சாரியார் சட்டென்று கையைக் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்து, கையை அவிழ்த்து, மறுபடி 'அ'வின் மேல் விரலை வைத்தார்.